ஒப்பீட்டு இரத்தம்

அடித்தளத்தில் இருந்த அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரோரம் முழுக்க ஃப்ரீசர்கள். அவை எப்போதும் முனகிக்கொண்டே இருக்கும். முதல் வாரம் தலை வலித்தது. பிறகு அந்த முனகல் இல்லாத இடங்களில் ஏதோ குறைந்தாற்போல் இருந்தது. இன்றும் எங்காவது ஒரு பழைய குளிர்பெட்டி ஓடும் சத்தம் கேட்டால் ஒரு கணம் நின்றுவிடுகிறேன்.

மூன்று பேர் ஒன்றாகச் சேர்ந்தோம். மூவரும் குழந்தை மருத்துவம் முடித்தவர்கள். குழந்தைகளுக்கு வரும் சர்க்கரை நோயில் ஆராய்ச்சி செய்ய எங்களைப் பழக்குவதாக ஏற்பாடு. பெரியவர்களுக்குப் பரவலாக வருவது வேறு. இதில் உடம்பே தன் இன்சுலின் சுரப்பை அழித்துக்கொள்ளும். அழிக்கத் தொடங்கிய செய்தி, நோய் வெளியே தெரிவதற்குப் பல வருடம் முன்பே இரத்தத்தில் இருக்கும். ஆன்டிபாடி என்று அதற்குப் பெயர். நோயுள்ள குழந்தையின் கூடப்பிறந்தவர்களிடம் அதைத் தேடுவதுதான் எங்கள் வேலை.

எங்களில் ஒருவன் உயரம். கதவு நிலையில் குனிந்துதான் உள்ளே வருவான். அவனை நெட்டை என்றோம். இன்னொருவன் எதற்கும் சதவீதம் சொல்வான். மழை வருமா என்று கேட்டால்கூட. அவன் கணக்கு. எனக்கு மட்டும்தான் அப்போது குழந்தை இருந்தது. அதனால் என்னைத் 'தாயே' என்று கூப்பிட்டார்கள். பிச்சை கேட்கும் குரலில் நெட்டைதான் ஆரம்பித்தான். அதுவே நிலைத்துவிட்டது.

அங்கே ஒரு பழக்கம் இருந்தது. புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் நாள் ஆளுக்கொரு குழாய் இரத்தம் கொடுக்க வேண்டும். நோயில்லாதவர்களின் இரத்தம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் நோயின் செய்தியைப் பிரித்துப் பார்க்க முடியும். அதற்கு ஒப்பீட்டு இரத்தம் வேண்டும். வெளியே ஆள் தேடுவானேன் என்று எப்போதோ யாரோ ஆரம்பித்தது.

"நுழைவுக் கட்டணம்" என்றார் லேப் அக்கா. இரத்தம் எடுப்பதும் பிரிப்பதும் அவர்தான். "எடுத்த பிறகு டீயும் பன்னும் உண்டு. மயக்கம் போடுறவங்களுக்கு பன் கட்."

ஊசி குத்தும் முன் பெரிய டாக்டர் வந்து நின்றார். அந்தப் பிரிவை உருவாக்கியவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் கேள்வியாகத்தான் இருக்கும்.

"வீட்ல யாருக்காவது இருக்கா? அம்மா, அப்பா, கூடப்பிறந்தவங்க?"

மூவரும் இல்லை என்று தலையசைத்தோம்.

லேப் அக்கா மூன்று குப்பிகளையும் சீட்டுக் கலைப்பதுபோல் கலைத்தார். பிறகு ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து ஒட்டினார். எது யாருடையது என்று அவருக்கும் தெரியாது. அதுதான் விதி.

பன் நன்றாக இருந்தது. நெட்டை இரண்டு தின்றான்.

*

பயிற்சியில் கடினமானது ஆய்வகம் இல்லை. கேட்பதுதான்.

வாரம் இருமுறை மேலே குழந்தைகள் பிரிவில் உட்காருவோம். நோயுள்ள குழந்தையைக் கூட்டிக்கொண்டு அம்மாக்கள் வருவார்கள். இடுப்பில் இன்னொன்று இருக்கும். அந்த இன்னொன்றின் இரத்தத்தை நாங்கள் கேட்க வேண்டும். இவனுக்கும் வருமா என்று பார்க்க.

நான் அதில் கெட்டிக்காரி. என்னிடம் பெரும்பாலும் யாரும் மறுக்கமாட்டார்கள். குழந்தையின் சட்டையைப் பற்றி ஏதாவது சொல்லித் தொடங்குவேன். "கொஞ்சூண்டு இரத்தம்மா. தெரிஞ்சுக்கறது நல்லதுதானே?" என்று முடிப்பேன். 'நல்லதுதானே' என்னும் இடத்தில் தலையை லேசாகச் சாய்ப்பேன். அவர்களும் சாய்ப்பார்கள்.

நெட்டை இதில் படுமோசம். கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பான். அம்மா யோசிப்பார். இவன் தரையைப் பார்ப்பான். கடைசியில் அம்மா எழுந்து போய்விடுவார்.

"நீ டாக்டரா, துக்கம் விசாரிக்க வந்தவனா?" என்று கணக்கு கேட்பான்.

"அவங்களுக்கு வேண்டாம்னா வேண்டாம்."

"உன்கிட்ட மட்டும் எப்படிடா எல்லாருக்கும் வேண்டாம்?"

ஒரு அம்மா எனக்கு மறுத்தார். பள்ளி ஆசிரியை. மூத்த பெண்ணுக்கு நோய். மடியில் ஒரு பையன். அவர் என் கூடவே தலையைச் சாய்க்கவில்லை.

"தெரிஞ்சா நிறுத்த முடியுமா?"

அப்போது தள்ளிப்போடக்கூட மருந்து இல்லை. "நிறுத்த முடியாதும்மா. ஆனா நீங்க தயாரா இருக்கலாம்."

"தயாரா இருந்துட்டு என்ன பண்ணுவேன்? இவன் தண்ணி கேக்கும்போதெல்லாம் பயந்துட்டு நிக்கணுமா?"

அதிக தாகம்தான் இந்த நோயின் முதல் அறிகுறி. அவருக்கு அது தெரியும். ஒருமுறை பார்த்தவர்.

நான் கீழே வந்து கோட்டைக் கழற்றி நாற்காலியில் வீசினேன். "படிச்சவங்களே இப்படிப் பண்ணா?"

நெட்டை சொட்டு அளக்கும் பிப்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். "அவங்க சொன்னதுல என்ன தப்பு?"

"தப்புன்னு சொல்லலை. பயம்."

"பயம்தான். வேறென்ன இருக்கும்?"

*

எங்கள் குப்பிகள் அந்த வருடக் கடைசியில்தான் ஃப்ரீசரை விட்டு வெளியே வந்தன. பழைய ஒப்பீட்டு இரத்தம் தீர்ந்துபோயிருந்தது. கணக்கு தட்டை நிரப்பி எந்திரத்தில் வைத்தான். சிறு குழிகள் வரிசையாக இருக்கும் பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியிலும் ஒருவரின் இரத்தச் சொட்டு. எந்தக் குழியில் எது என்று திட்டமிடுவது எப்போதும் அவன்தான். மற்றவர்கள் கை வைத்தால் கோபம் வரும்.

முடிவு வந்தது. மூன்றில் ஒன்று உயர்ந்து நின்றது.

"தட்டு கெட்டுப்போச்சு" என்றான் கணக்கு.

மறுபடி ஓட்டினான். அதே குப்பி. வேறு வகை ஆன்டிபாடிக்கும் பார்த்தான். அதிலும் அதே குப்பி. ஒரு வகை மட்டும் என்றால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டு வகை என்றால் நோய் வரும். எப்போது என்பதுதான் கேள்வி. இதை நாங்களே எத்தனையோ அம்மாக்களுக்கு விளக்கியிருக்கிறோம்.

அறையில் ஃப்ரீசர்கள் முனகின.

"லேப் அக்கா அவங்க பாட்டி ரத்தத்தை ஏதாவது கலந்துட்டாங்களா?" என்றான் நெட்டை.

யாரும் சிரிக்கவில்லை. அவனும்தான்.

பெரிய டாக்டரிடம் போனோம். காகிதத்தை வாங்கிப் பார்த்தார். எங்கள் முகங்களைப் பார்க்கவில்லை.

"எது யாரோடதுன்னு இங்க யாருக்கும் தெரியாது. தெரியணும்னா மறுபடி எடுக்கலாம். எடுக்கலாமா?"

நாங்கள் அம்மாக்களிடம் கேட்கும் அதே கேள்வி. அதைக் கேட்டுவிட்டு அவர் என்னைப்போல் தலையைச் சாய்க்கவில்லை. காத்திருந்தார்.

"யோசிச்சு சொல்றோம்" என்றேன். அம்மாக்கள் இதைச் சொன்னால் மறுப்பு என்று குறித்துக்கொள்வேன்.

*

கணக்கு உடனே எடுத்துவிடலாம் என்றான். அவனுக்கு முப்பத்து மூன்று புள்ளி மூன்று என்பது தாங்கவில்லை. பூஜ்யம் அல்லது நூறு வேண்டும்.

"எனக்கு வேண்டாம்" என்றான் நெட்டை.

"சரி, நீ எடுக்காதே. நாங்க ரெண்டு பேரும் எடுத்துக்கறோம்."

"நீங்க ரெண்டு பேரும் எடுத்து, ரெண்டு பேருக்கும் இல்லைன்னா?"

அது தனக்கே தோன்றாமல் போனதில் கணக்குக்கு வெட்கம். இருவர் தெரிந்துகொண்டால் மூன்றாமவனுக்குச் சொல்லாமலே சொன்னதாகிவிடும். சொல்ல வேண்டாம் என்று வைத்துக்கொண்டாலும் முகம் இருக்கிறதே. ஒரே அறையில் ஒரே கெட்டிலில் டீ போடுகிறவர்கள்.

"அப்போ எல்லாரும், இல்லைன்னா யாருமில்லை" என்றான் கணக்கு. என்னைப் பார்த்தான். "நீ என்ன சொல்றே தாயே?"

எனக்குத் தெரிய வேண்டும். எனக்காக இல்லை. என் மகளுக்கு இரண்டு வயது. குப்பி என்னுடையது என்றால் அவளுக்கும் வரலாம். அதைச் சொன்னேன்.

"அதுக்கு உன் ரத்தம் எதுக்கு? பாப்பாவுக்கே எடுத்துப் பாரேன். கொஞ்சூண்டு ரத்தம்தானே" என்றான் கணக்கு. குத்திக் காட்டவில்லை. உண்மையிலேயே அது எளிய வழி. 

நெட்டை கெட்டிலைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனான். கெட்டில் நிறையத்தான் இருந்தது.

*

அன்றிலிருந்து வீட்டில் ஒரு சொல் கெட்டுப்போனது.

"தண்ணி" என்பாள் மகள். அப்போதுதான் சேர்த்துப் பேசக் கற்றிருந்தாள். "அம்மா தண்ணி. பாப்பா தண்ணி." நான் டம்ளரைக் கொடுத்துவிட்டு அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அவள் பாதியில் நிறுத்தினால் எனக்கு மூச்சு வரும். முழுதும் குடித்தால் வராது.

"ஏன் குழந்தையை இப்படி முறைக்கிறே?" என்றார் என் கணவர்.

"வெயில் ஜாஸ்தியா இருக்கில்ல?"

"வெயிலா? போர்வை போத்திட்டுத் தூங்கறோம்."

அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவரும் டம்ளரைப் பார்ப்பார்.

ஒருநாள் சிறு ஊசி ஒன்றைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். பிற்பகல். அவள் விரலைப் பிடித்தேன். தூக்கத்திலேயே அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் ஊசியை அதன் டப்பாவில் திரும்பப் போட்டேன்.

எத்தனை அம்மாக்களைத் தலைசாய்க்க வைத்தேன் என்று நினைத்தேன். அவர்கள் வீட்டுக்குப் போய் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. என் வேலை சம்மதம் வாங்கியதோடு முடிந்துவிடும்.

அடுத்த கிளினிக்கில் அந்த ஆசிரியை வந்தார். பையன் நடக்கக் கற்றிருந்தான். என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான். விதிப்படி இன்னொருமுறை நான் கேட்க வேண்டும்.

"பையன்..." என்று ஆரம்பித்தேன். அவன் சட்டையில் ஒரு மீன் படம். அதைப் பற்றி ஏதாவது சொல்லலாம். வரவில்லை.

அவர் காத்திருந்தார். நானும் சும்மா இருந்தேன். தரையைப் பார்த்தேன். பக்கத்து மேசையில் நெட்டை. அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்களுக்கு உடம்பு சரியில்லையா டாக்டர்?" என்று கேட்டார் ஆசிரியை.

"இல்லம்மா. நீங்க போங்க. பையனுக்கு ஒண்ணும் வேண்டாம்."

"வேண்டாம்னா?"

"உங்களுக்கு எப்பவாவது தெரிஞ்சுக்கணும்னு இருந்தா வாங்க. நான் இருக்கேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பையனைத் தூக்கிக்கொண்டு போனார்.

நெட்டை எழுந்து வந்தான். என் எதிரே, அம்மாக்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தான். முழங்கால் மேசையில் இடித்தது.

"என்னோடதுதான்" என்றான்.

"என்னது?"

"குப்பி. நீ வீட்டுக்குப் போய் நிம்மதியா தூங்கு."

"எப்படித் தெரியும்? எடுத்துப் பார்த்தியா?"

"ம்."

"எப்போ?"

"பார்த்தாச்சு தாயே. விடு." மேசையில் கிடந்த ரப்பர் பட்டையை எடுத்து விரலில் சுற்றினான். "என் தம்பிக்கு இருக்கு. சின்ன வயசிலேருந்து."

"அன்னைக்கு பெரிய டாக்டர் கேட்டாங்களே."

"கேட்டாங்க."

"ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா தம்பிக்காக வந்தவன்னு ஆயிடும். தம்பியைக் காட்டி இடம் வாங்கினான்னு ஆயிடும். நான் என் மார்க்குக்கு வந்தேன்." சிரித்தான். "மார்க்கும் ஒண்ணும் பிரமாதமில்லை."

எனக்கு அழுகை வந்தது. அவனுக்காக என்று நினைத்துக்கொண்டேன். இல்லை. உள்ளே எங்கோ ஒரு முடிச்சு அவிழ்ந்து, மகள் ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடிப்பது தெரிந்தது. அதில் எனக்கு எந்தப் பயமும் இல்லை.

"நீ வேண்டாம்னுதானே சொன்னே" என்றேன்.

"இப்பவும் அதைத்தான் சொல்றேன். ரொம்பக் கேள்வி கேக்காதே."

அவனே பெரிய டாக்டரிடம் போய்த் தம்பியைப் பற்றிச் சொன்னான். அனுப்பிவிடுவார் என்றுதான் மூவரும் நினைத்தோம். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

"தம்பி எப்படி இருக்கான்?"

அந்தக் குப்பியை எடுத்துவிடச் சொன்னார். பொய் சொன்னதற்கு ஃப்ரீசர்களின் பனியை நெட்டை தனியாகச் சுரண்ட வேண்டும் என்றார். அவன் கையுறை போட்டுக்கொண்டு ஒரு வாரம் சுரண்டினான். மேல் தட்டுகளுக்கு அவனுக்கு ஏணி தேவைப்படவில்லை. லேப் அக்கா அவனுக்கு தினமும் ஒரு பன் வைத்தார்.

கணக்கு எதுவும் கேட்கவில்லை. அவன் எதையும் கேட்காமல் விட்டது எனக்குத் தெரிந்து அந்த ஒருமுறைதான்.

*

அதற்குப் பிறகு இருந்த மாதங்கள்தான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகின்றன. மூவரும் நன்றாக வேலை செய்தோம். என்னிடம் சம்மதிப்பவர்கள் குறைந்தார்கள். சம்மதித்தவர்கள் திரும்ப வந்தார்கள், கேள்விகளோடு வந்தார்கள். அதையே ஒரு கட்டுரையாக்கலாம் என்றான் கணக்கு. ஆக்கினோம். மூவரின் பெயரும் எந்த வரிசையில் வர வேண்டும் என்று சண்டை போட்டோம். உயர வரிசை என்றான் நெட்டை. மதிய நேரங்களில், இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜின் மூடிமேல் டீக் கோப்பையை வைப்போம். வைக்கக் கூடாது. அதன் அதிர்வில் டீயில் வட்டம் வட்டமாக வரும். அதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

நெட்டையை நான் கவனிக்காமலும் இல்லை. அவன் தண்ணீர் குடித்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். அவனுக்கு அது தெரியும். "தாயே, இது டீ" என்று கோப்பையைக் காட்டுவான்.

பயிற்சி முடிந்தது. கணக்கு வேறு நாட்டுக்குப் போனான். நெட்டை வேறு ஊரில் ஆராய்ச்சிப் பிரிவு ஒன்றில் சேர்ந்தான். நான் அங்கேயே தங்கினேன். இப்போது அந்தப் பிரிவு புதுக் கட்டடத்தில் இருக்கிறது. ஜன்னல்கள் உண்டு. ஃப்ரீசர்கள் சத்தம் போடுவதில்லை. புதிதாகச் சேர்கிறவர்களிடம் இரத்தம் வாங்குவதில்லை. பன் மட்டும் உண்டு.

மகள் பள்ளியில் பெரிய வகுப்புகளுக்கு வந்திருந்தபோது ஒரு மாலை நெட்டை போன் செய்தான். 

"வந்துடுச்சு தாயே" என்றான்.

எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"எப்போ?"

"போன வாரம். எடை குறைஞ்சு போச்சு. இனிமே நெட்டைன்னு கூப்பிடாதே, கம்பின்னு கூப்பிடு. தம்பிதான் ஊசி போடக் கத்துத் தர்றான். டாக்டருக்கு ஊசி போடத் தெரியலைன்னு வீடு பூராச் சொல்லிச் சிரிக்கிறான்."

"நீ அன்னைக்கே சொன்னே" என்றேன். "இத்தனை வருஷம் இதைத் தெரிஞ்சு வெச்சிட்டு..."

"அப்பாடா" என்றான் அவன்.

"என்ன அப்பாடா?"

"ரிப்போர்ட் வந்ததும் முதல்ல அதான் தோணுச்சு. நான் எடுத்துப் பார்க்கவே இல்லை தாயே. இப்போதான் எனக்கே தெரியும்."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"தம்பிக்கு இருக்கே, என்னோடதாத்தான் இருக்கும்னு ஒரு ஊகம். நூறு இல்லை. ஆனா உன் மூஞ்சியைப் பார்க்க முடியலை. அந்த டீச்சர் முன்னாடி நீ உட்கார்ந்திருந்தது."

"கணக்குக்குத் தெரியுமா?"

"தெரியாம? தட்டுல என் பேர்ல ஒரு குழிகூட இல்லைன்னு அவனைவிட யாருக்குத் தெரியும்? வருஷா வருஷம் போன் பண்ணி எப்படி இருக்கேன்னு கேப்பான். நல்லா இருக்கேன்னு சொன்னா, அப்போ குப்பி தன்னோடதோன்னு பாவம் கவலைப்படுவான்."

சிரிப்பும் வந்தது எனக்கு. அதை அவன் கேட்டான். அவனும் சிரித்தான். எங்கள் சிரிப்பு அடங்க நேரமானது.

"அது என்னோடதா இருந்திருந்தா?" என்றேன்.

"இருந்திருந்தா என்ன? அதுவரைக்கும் உன் பொண்ணு நிம்மதியா தண்ணி குடிச்சிருப்பா. நீயும் அவளை முறைக்காம இருந்திருப்பே."

வாசல் கதவு திறந்தது. மகள் விளையாட்டு முடிந்து வந்தாள். முகமெல்லாம் வேர்வை. பையைக் கீழே போட்டாள். நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து டம்ளரில் பிடித்து நின்றபடியே குடித்தாள். மறுபடி பிடித்தாள்.

"யாரது?" என்றான் நெட்டை. "ஏதோ சத்தம்."

"பொண்ணு. தண்ணி குடிக்கிறா."

"குடிக்கட்டும்" என்றான்.